ஈசி கிளியர், பட்டா கிளியர்... அப்புறம் எதுக்கு வக்கீல்? சொத்து வாங்கும்போது ‘சட்டத் தகவல்’ வேறு, ‘சட்ட ஆலோசனை’ வேறு - ஏன்?

வில்லங்கச் சான்றிதழை மொபைலிலேயே பார்த்துவிடலாம். பட்டா, புல வரைபடம், வழிகாட்டி மதிப்பு எல்லாமே அரசு இணையதளங்களில் இருக்கின்றன. ரெரா பதிவு எண்ணைத் தட்டினால் அடுக்குமாடித் திட்டத்தின் விவரம் வந்துவிடும். புரியாததைக் கேட்க யூடியூப் இருக்கிறது, ஏஐ இருக்கிறது. போதாக்குறைக்கு, “டாக்குமென்ட் பக்கா சார், பேங்க் லோனே ஓகே ஆயிடுச்சு” என்று சொல்ல புரோக்கரும் இருக்கிறார்.

‘இவ்வளவு இருக்கும்போது வக்கீலுக்கு வேறு தனியாகப் பணம் கொடுக்கணுமா?’ முதல் வீடு அல்லது முதல் மனை வாங்கும் பலருக்கும் வரும் நியாயமான கேள்விதான் இது.

பதில் ஒரு சின்ன வேறுபாட்டில் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாமே சட்டத் தகவல். ‘இந்தச் சொத்தை நான் வாங்கலாமா?’ என்ற கேள்விக்குக் கிடைக்க வேண்டியது சட்ட ஆலோசனை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இருபது வருட இஎம்ஐ எதை நம்பி ஓடப்போகிறது என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

சட்டத் தகவல் என்றால் என்ன?

யார் கேட்டாலும் பதில் மாறாது என்றால் அது தகவல். சில உதாரணங்கள்:

• தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. (பதிவுக் கட்டணம் 4 சதவீதத்தில் இருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது 2023-ல்.)

• வில்லங்கச் சான்றிதழ் என்பது, குறிப்பிட்ட காலத்தில் ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்.

• அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் தமிழக அரசின் 2017-ம் ஆண்டு விதிகளுக்கு, 2016 அக்டோபர் 20 தான் கட்-ஆஃப் தேதி.

• பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்த பவர் காலாவதியாகிவிடும். (இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201)

இவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எழுதலாம், வீடியோ போடலாம். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையும் இந்த வகைதான்.

அப்படியென்றால் சட்ட ஆலோசனை?

மேலே சொன்ன நான்காவது உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ‘பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் காலாவதி’ என்பது தகவல். ‘இந்த ப்ளாட்டை பவர் ஏஜென்ட் விற்கிறார், பவர் கொடுத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார், நான் அட்வான்ஸ் கொடுக்கலாமா?’ என்று கேட்டால் கதையே மாறிவிடுகிறது.

அந்த பவர் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் இருக்கிறதா? பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரா? (அதே சட்டத்தின் பிரிவு 202 அப்படிப்பட்ட சில பவர்களை வேறு மாதிரி நடத்துகிறது.) இடையில் ரத்து செய்யப்பட்டதா? கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் என்ன? ஒவ்வொரு கேள்விக்கும் விடையை உங்கள் கையில் இருக்கும் காகிதங்களில்தான் தேட வேண்டும்.

ஆலோசனை என்பதில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கும். ஒன்று, உங்கள் ஆவணங்களைப் படித்திருக்க வேண்டும். இரண்டு, சட்டத்தை அந்த ஆவணங்களுக்குப் பொருத்திப் பார்த்து, ‘வாங்குங்கள், வாங்காதீர்கள், இதைச் சரிசெய்த பிறகு வாங்குங்கள்’ என்று ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். மூன்று, அந்த முடிவுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இதில் ஒன்று குறைந்தாலும் அது தகவல்தான். சொல்பவர் வழக்கறிஞராகவே இருந்தாலும் சரி! ஒரு வக்கீல் யூடியூபில் பேசுவது தகவல். வக்கீல் நண்பருக்கு போன் போட்டு, “மச்சான், பவர்ல வாங்கலாமாடா?” என்று கேட்டு, அவர் பத்திரத்தைப் பார்க்காமலேயே “வாங்கலாம்டா” என்று சொல்வதும் அதே கணக்குதான்.

ஒரு உதாரணம்: இரண்டே வரி ஈசி, மூன்று வாரிசுகள்

தகவலுக்கும் ஆலோசனைக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்க்கலாம்.

ஓர் இந்துக் குடும்பத்துப் பெரியவர் 1978-ல் தன் சொந்த சம்பாத்தியத்தில் ஒரு மனை வாங்குகிறார். 1996-ல் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவியும் தாயும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். இரண்டு மகன்கள், ஒரு மகள். மகளுக்கு 1985-லேயே திருமணம் ஆகிவிட்டது. 2008-ல் இரண்டு மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு மொத்த மனையையும் ஒருவருக்கு விற்கிறார்கள். வாங்கியவர் பட்டாவும் மாற்றிவிட்டார். இப்போது அவர் அதை உங்களிடம் விற்க வருகிறார்.

ஈசி போட்டுப் பார்த்தால் இரண்டே வரி. 1978 கிரயம், 2008 கிரயம். அடமானம் இல்லை, வேறு எதுவும் இல்லை. பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. ‘கிளியர்’ என்றுதான் தோன்றும்.

கொஞ்சம் உஷாரானவர், ‘அந்தப் பெரியவருக்கு மகள் யாராவது உண்டா?’ என்று விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் இருப்பது தெரிந்ததும் இணையத்தில் தேடுகிறார். தமிழ்நாடு 1989-ல் கொண்டு வந்த திருத்தம் கண்ணில் படுகிறது. அதன்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. ‘அப்பாடா, இவருக்கு 1985-லேயே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு இல்லை’ என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்.

தகவல் சரி. முடிவு தப்பு.

காரணம், 1989 திருத்தமும் சரி, 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் திருத்தமும் சரி, பேசுவது பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றி. நம் உதாரணத்தில் இருப்பது தந்தையின் சுய சம்பாத்தியம். அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 8 வந்து நிற்கும். அதில் மகளும் மகனைப் போலவே முதல் வகுப்பு வாரிசு. திருமணம் எப்போது நடந்தது என்ற கேள்வியே அங்கு கிடையாது. ஆக, அந்த மனையில் மூன்றில் ஒரு பங்கு மகளுடையது. தங்களிடம் இல்லாத அந்தப் பங்கை மகன்கள் 2008-ல் விற்றிருக்க முடியாது.

இன்னும் கொஞ்சம் தேடுபவர், ‘12 வருஷம் அனுபவித்துவிட்டால் எதிர் அனுபவ உரிமை வந்துடும். 2008-ல் இருந்து கணக்குப் போட்டால் 2020-லேயே முடிஞ்சுபோச்சு’ என்று மறுபடியும் நிம்மதி அடையலாம். அதுவும் பாதி வழிதான். வரம்புச் சட்டத்தின் 65-வது உறுப்பு 12 ஆண்டுகள் என்று சொல்வது உண்மை. ஆனால், அந்த 12 ஆண்டுகள் எந்த நாளில் இருந்து ஓடத் தொடங்கின? காலி மனையில் கல் நட்டு வைத்தது ‘எதிரிடையான அனுபவம்’ ஆகுமா? இதை யார் நிரூபிக்க வேண்டும்? இவையெல்லாம் சாட்சியங்களைப் பொறுத்தவை. நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் வாதிட வேண்டிய கேள்விகள் இவை.

ஆலோசனை எங்கே தொடங்குகிறது என்றால், இங்கேதான். ஒரு நல்ல வழக்கறிஞர் 2008 பத்திரத்தைப் படித்ததும் கேட்கும் முதல் கேள்வி, ‘1978-ல் வாங்கியவருக்கு வாரிசுச் சான்றிதழ் எங்கே?’ என்பதாக இருக்கும். அதில் மூன்று பெயர் இருப்பதைப் பார்த்ததும், ‘மகளிடம் இருந்து விடுதலைப் பத்திரம் வாங்கித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் கிரயப் பத்திரத்தில் அவரையும் கையெழுத்துப் போட வையுங்கள். இரண்டும் நடக்காதவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்’ என்பார். ஒருவேளை அந்த மகள் ஏற்கெனவே தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய ஆவணம் எங்காவது இருந்தால், அதைத் தேடிப் பிடித்து, ‘பிரச்னை இல்லை, வாங்கலாம்’ என்றும் சொல்லலாம்.

இந்த வழக்கறிஞரும் இணையத்தில் இருக்கும் அதே சட்டத்தைத்தான் படித்திருக்கிறார். இந்த மனைக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று பார்த்துச் சொன்னதில்தான் அவருடைய வேலை இருக்கிறது.

ஈசியில் எதெல்லாம் தெரியாது?

ஈசி பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். அதனால், பின்வருவன பெரும்பாலும் அதில் இருக்காது.

• பதிவு செய்யப்படாத உயில் (உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை)

• உரிமையாளரின் இறப்பு, வாரிசுகள் யார் யார் என்ற விவரம்

• வாய்மொழியாக நடந்த குடும்பப் பாகப்பிரிவினை

• நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் பல வழக்குகள். ஆனால், சொத்து உரிமைமாற்றுச் சட்டத்தின் பிரிவு 52-ன்படி, வழக்கில் இருக்கும் சொத்தை வாங்குபவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈசியில் நீங்கள் எந்த சர்வே எண்ணை, எந்தக் காலத்தை, எந்த சார்பதிவாளர் அலுவலகத்தைக் கொடுக்கிறீர்களோ, அதற்குத்தான் பதில் வரும். நிலம் உட்பிரிவு செய்யப்பட்டு எண் மாறியிருக்கலாம். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லைக்குள் இருந்திருக்கலாம். கேள்வியைத் தப்பாகக் கேட்டால் ‘வில்லங்கம் இல்லை’ என்று சுத்தமான பதில் வரும்!

பட்டாவும் இப்படித்தான். அது வருவாய்த் துறையின் பதிவேடு. பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

‘அதான் ரிஜிஸ்டர் ஆயிடுச்சே?’

பத்திரம் பதிவாகிவிட்டாலே அரசு சரிபார்த்துவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது உண்மையில்லை.

தமிழ்நாட்டில் இருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஏப்ரல் 7-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் சார்பதிவாளருக்குத் தரப்படவில்லை என்று கூறி, தமிழ்நாடு பதிவு விதிகளில் இருந்த 55ஏ(1) விதியை ரத்து செய்தது. முந்தைய மூலப் பத்திரத்தையும் ஈசியையும் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன விதி அது. தனக்கு உரிமையே இல்லாத நிலத்தை ஒருவர் எழுதிக் கொடுத்தாலும், நடைமுறைகளும் கட்டணமும் சரியாக இருந்தால் ஆவணத்தைப் பதிவு செய்ய வேண்டும். எழுதிக் கொடுப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதுதான் வாங்குபவருக்குப் போகும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

பதிவின்போது எந்தெந்த ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்ற நடைமுறைகள் காலத்துக்குக் காலம் மாறலாம். ஆனால், அடிப்படை மாறாது. இந்தியாவில் பதிவாவது ஆவணம். உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. அதைச் சோதிக்கும் வேலை வாங்குபவருடையது.

யார் சொல்வது எந்த வகை?

ஒரு சொத்தை வாங்கும்போது குறைந்தது நான்கைந்து பேர் உங்களிடம் சட்டம் பேசுவார்கள். ஒவ்வொருவரும் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

புரோக்கர்: விற்றால்தான் அவருக்குக் கமிஷன். ரெரா பதிவு தேவைப்படும் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் ஏஜென்ட்டுகள், 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் பிரிவு 9-ன்படி பதிவு செய்திருக்க வேண்டும். பொய்யான வாக்குறுதி தரக் கூடாது என்று பிரிவு 10 சொல்கிறது. ஆனால், கைமாறும் பழைய வீடு, தனி மனை விற்பனைகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நடக்கின்றன. எப்படிப் பார்த்தாலும், “டாக்குமென்ட் கிளியர் சார்” என்று அவர் சொல்வது விற்பனைப் பேச்சு. அதைத் தகவல் என்று எடுத்துக்கொள்வதற்கே சரிபார்ப்பு தேவை.

ஆவண எழுத்தர்: பதிவுத் துறையிடம் உரிமம் பெற்று, பத்திரம் எழுதித் தருபவர். நடைமுறை அனுபவம் நிறைய இருக்கும். அவருடைய வேலை, இரு தரப்பும் சொன்னதைச் சரியான வடிவத்தில் எழுதுவது. சொன்னது உண்மையா என்று துருவுவது அவருடைய பொறுப்பு கிடையாது.

பேங்க் பேனல் வக்கீல்: பலரும் ஏமாறும் இடம் இதுதான். வீட்டுக் கடனுக்காக வங்கியின் வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் தருவார். அதற்கான கட்டணத்தையும் பெரும்பாலும் நீங்களே கட்டுவீர்கள். ஆனால், அவருடைய கட்சிக்காரர் வங்கி. கடன் தொகைக்கு இந்த அடமானம் போதுமா என்பதே வங்கியின் கேள்வி. கடன் தவிர நீங்கள் போடும் சேமிப்புப் பணம், பின்னால் விற்கும்போது வரக்கூடிய சிக்கல், பக்கத்து நிலத்துக்காரருடன் இருக்கும் பாதைத் தகராறு ஆகியவை அந்த ஒப்பீனியனின் மையம் இல்லை. சொத்தில் பிரச்னை வந்தாலும் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

பில்டர் தரும் லீகல் ஒப்பீனியன்: “எல்லாம் ரெடியா இருக்கு, ஜெராக்ஸ் தர்றோம்” என்பார்கள். வாங்கிப் படியுங்கள், பயன்படும். ஆனால், அது பில்டர் கேட்ட கேள்விக்கு, பில்டர் கொடுத்த ஆவணங்களை வைத்து எழுதப்பட்டது. ரெரா திட்டங்களில் ஒரு நல்ல பாதுகாப்பு உண்டு. நிலத்தின் உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால் புரமோட்டர் இழப்பீடு தர வேண்டும். அந்தக் கோரிக்கையைக் காலவரம்பு சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது என்கிறது பிரிவு 18(2). எட்டு வீடுகளுக்கு மேற்படாத அல்லது 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் சிறு திட்டங்களுக்கு ரெரா பதிவு கட்டாயம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

உங்கள் வழக்கறிஞர்: இந்த வரிசையில் உங்களுக்காக மட்டும் பார்ப்பவர் இவர் ஒருவர்தான்.

வக்கீல் அல்லாதவர் ஆலோசனை சொன்னால் குற்றமா?

1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 29, சட்டத் தொழில் செய்யும் உரிமையை வழக்கறிஞர்களுக்கு மட்டுமே தருகிறது. தகுதியின்றி நீதிமன்றங்கள், அதிகார அமைப்புகள் முன் தொழில் செய்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை என்கிறது பிரிவு 45.

‘தொழில் செய்வது’ என்றால் கோர்ட்டில் வாதாடுவது மட்டும்தானா? சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய, வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் தொடர்பான வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. கட்சிக்காரருக்குக் கருத்துரை தருவது, ஆவணம் தயாரிப்பது போன்ற நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் வேலைகளும் சட்டத் தொழில்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

அதற்காக, ‘நல்லா பாத்து வாங்குப்பா’ என்று சொல்லும் மாமா மீது வழக்குப் போட முடியாது. ஆனால், வக்கீலாக இல்லாமல் ‘லீகல் கன்சல்டன்ட்’ என்று போர்டு மாட்டிக் கட்டணம் வாங்குபவரிடம் போகும் முன், அவர் பார் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பது உங்கள் உரிமை.

இணையத்தில் வக்கீல் தேடுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிக்க பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆன்லைன் தளங்கள் மூலம் ரேட்டிங், விலைப் பட்டியல் போட்டு ஆள் பிடிப்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எனவே, ஐந்து நட்சத்திர ரேட்டிங்கைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஏஐ-யிடம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், தகவலுக்கு. பத்திரத்தில் வரும் ‘ஷரத்து’, ‘பாத்தியதை’, ‘சுவாதீனம்’ மாதிரியான சொற்களுக்குப் பொருள் கேட்கலாம். வக்கீலிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று பட்டியல் போடச் சொல்லலாம்.

சிக்கல் எங்கே என்றால், ‘ஈசி என்றால் என்ன?’ என்ற கேள்விக்கும் ‘இந்த மனையை வாங்கலாமா?’ என்ற கேள்விக்கும் சாட்பாட் ஒரே குரலில், ஒரே தன்னம்பிக்கையோடு பதில் சொல்லும். நீங்கள் சொல்லாமல் விட்டது அதற்குத் தெரியாது. மேலே பார்த்த உதாரணத்தில், மகள் ஒருவர் இருப்பதே தெரியாதவர் அதைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டார். வாரிசுச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி அடம்பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

இல்லாத தீர்ப்புகளை இருப்பதுபோலச் சொல்லும் ஆபத்தும் உண்டு. 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொழில்முறை வக்கீல்களே சிக்கிய வலை அது.

ரகசியமும் கவனிக்க வேண்டிய விஷயம். கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் தொழில்முறையில் சொல்வதற்கு 2023-ம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டம் பிரிவு 132-ல் பாதுகாப்பு தருகிறது. புரோக்கரிடமோ சாட்பாட்டிடமோ சொல்வதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வக்கீல் தப்பாகச் சொல்லிவிட்டால்?

வக்கீலின் ஒப்பீனியன் இன்ஷூரன்ஸ் இல்லை. அதிலும் தவறு நடக்கலாம். ஆனால், அங்கே பொறுப்பு என்ற ஒன்று இருக்கிறது.

தொழில் ஒழுக்கக் கேடு என்றால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 35-ன்கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். கவனக்குறைவால் நஷ்டம் என்றால் சிவில் நீதிமன்றத்தை நாடலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

கிரிமினல் வழக்கு? வீட்டுக் கடனுக்காக வங்கிக்குத் தவறான லீகல் ஒப்பீனியன் தந்ததாக ஒரு பேனல் வழக்கறிஞர் மீது சிபிஐ தொடர்ந்த வழக்கை 2012-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மோசடிக் கூட்டுச் சதியில் அவருக்குப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். ஒப்பீனியன் தவறாகப் போனது மட்டுமே குற்றமாகாது என்றது.

ஆக, வழிகள் குறைவுதான், நீளமும்தான். ஆனால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வந்தால் அந்த வழிகளில் நடப்பதே கஷ்டம். எழுத்துபூர்வமான ஒப்பீனியன் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

வக்கீலிடம் போகும் முன்... போன பிறகு...

தகவலைத் தேடுவது வீண் வேலை என்று இதற்குப் பொருள் இல்லை. நன்றாகத் தயாராகிப் போகிறவருக்குத்தான் நல்ல ஆலோசனை கிடைக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: மூலப் பத்திரங்கள், அதாவது தாய்ப் பத்திரம் முதல் இன்றைய உரிமையாளர் பத்திரம் வரை எல்லாவற்றின் நகல்கள், குறைந்தது 30 ஆண்டு ஈசி, பட்டா, புல வரைபடம், மனைப்பிரிவு என்றால் டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகார எண், உரிமையாளர்களில் யாராவது இறந்திருந்தால் இறப்பு, வாரிசுச் சான்றிதழ்கள், பவர் இருந்தால் அதன் நகல், வரி ரசீதுகள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தீர்கள்? எவை கிடைக்கவில்லை?

2. உரிமைச் சங்கிலியில் எங்காவது கண்ணி விட்டுப்போயிருக்கிறதா?

3. என்னவெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு இந்த முடிவைச் சொல்கிறீர்கள்?

4. குறை இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவர் எதைச் சரிசெய்து தர வேண்டும்?

5. கிரய ஒப்பந்தத்தில், உரிமையில் பிரச்னை வந்தால் பணம் திரும்ப வர என்ன ஷரத்து போடணும்?

மூன்றாவது கேள்வி முக்கியம். ‘விற்பவர் தந்த ஆவணங்கள் உண்மையானவை என்ற அடிப்படையில்’ என்று ஒப்பீனியனில் ஒரு வரி இருந்தால், பதிவுத் துறையிடம் சான்றிட்ட நகல் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் செய்ய வேண்டிய நேரம் டோக்கன் அட்வான்ஸுக்கு முன். பத்திரப் பதிவுக்கு முந்தின வாரம் வக்கீலிடம் போனால், அவர் சொல்லும் ‘வேண்டாம்’ என்ற வார்த்தைக்கு ஏற்கெனவே சில லட்சம் விலை ஆகியிருக்கும்.

கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால்?

1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் ‘சட்ட சேவை’ என்பது வழக்கு நடத்தித் தருவதோடு நிற்பதில்லை. எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தருவதும் அதில் அடங்கும். பிரிவு 12-ன்படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம்.

சொத்து உரிமைமாற்றுச் சட்டத்தின் பிரிவு 55-ன்படி, சொத்தில் இருக்கும் முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால், அந்தக் கடமை, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத குறைகளுக்குத்தான். அதாவது, நாளைக்குத் தகராறு என்று வந்தால், ‘நீங்கள் என்ன சரிபார்த்தீர்கள்?’ என்ற கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும்.

அப்போது வில்லங்கச் சான்றிதழின் பிடிஎஃப்பும் வீடியோ லிங்க்கும் மட்டும் கையில் இருந்தால் பதில் சொல்வது கஷ்டம். உங்கள் பத்திரங்களைப் படித்து, கையெழுத்துப் போட்டு ஒருவர் தந்த ஒப்பீனியன் இருந்தால், பேசுவதற்கு ஒரு ஆதாரமாவது இருக்கும்.